ஆன் பண்ணி மூணு நிமிஷம் ஆச்சு... பாட்டு எங்கே? ராஸ்பெர்ரி பை மியூசிக் பிளேயரை வேகமாக்க ஈஸி வழிகள்!

உள்ளங்கை அளவு ராஸ்பெர்ரி பை போர்டு, ஒரு மெமரி கார்டு, அதில் வால்யூமியோ மாதிரி ஒரு சாஃப்ட்வேர். வீட்டில் இருக்கும் பழைய ஆம்ப்ளிஃபையரை நெட்வொர்க் மியூசிக் பிளேயராக மாற்ற இவ்வளவு போதும். ஆனால், ஆன் செய்தால் முதல் பாட்டு வரவே சில நிமிஷம் ஆகுதா? 'போர்டு பழசாகிடுச்சு, புதுசு வாங்கிடலாம்' என்று முடிவெடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் பொறுங்க.

பெரும்பாலும் அந்த போர்டு மெதுவாக வேலை செய்வதில்லை, எதற்காகவோ காத்துக்கிட்டு இருக்கு. அது எது என்று தெரிந்துவிட்டால், பல நேரங்களில் பைசா செலவில்லாமல் சரிசெய்துவிடலாம்.

முதலில் ஸ்டாப்வாட்ச்!

மொபைலில் ஸ்டாப்வாட்ச்சை ஆன் பண்ணுங்க. பவர் கொடுத்ததிலிருந்து பிளேயரின் பக்கம் மொபைலில் திறக்கும் வரை எவ்வளவு நேரம், அங்கிருந்து பாட்டு வரும் வரை எவ்வளவு நேரம் என்று தனித்தனியாகக் குறிச்சுக்கோங்க. முதல் பாதி இழுத்தால் கார்டு, பவர், நெட்வொர்க் ஆகியவற்றைப் பாருங்க. இரண்டாவது பாதி இழுத்தால் பாட்டு இருக்கும் இடத்தைப் பாருங்க.

ரவுட்டருக்காக வெயிட்டிங்

கரன்ட் போய் வந்தால் ரவுட்டரும் பிளேயரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கும். ரவுட்டர் தயாராகும் வரை பிளேயருக்கு ஐ.பி முகவரி கிடைக்காது. ரவுட்டர் முழுசா ஆன் ஆன பிறகு பிளேயரை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. அப்பவும் தாமதம் என்றால், ஒருமுறை லேன் கேபிள் போட்டு நேரம் பாருங்க. கேபிளில் சட்டென்று வந்தால், பிரச்னை வைஃபை சிக்னலில்தான்.

பாட்டு எங்கே இருக்கு?

அதிகம் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். பாட்டெல்லாம் நெட்வொர்க் ஹார்டு டிஸ்க்கிலோ, லேப்டாப்பிலோ இருந்தால், பிளேயர் அதைத் தேடிப் போகும். அது ஆஃப் ஆகியிருந்தாலோ, அதன் ஐ.பி முகவரி மாறியிருந்தாலோ பதில் வராமல் காத்திருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் அந்த டிஸ்க்குக்கு நிரந்தர முகவரி ஒதுக்கிவிட்டால் முகவரி மாறும் தொல்லை தீர்ந்தது.

நீங்களே லினக்ஸில் செட் பண்ணிய பிளேயரா? தாமதம் கிட்டத்தட்ட 90 விநாடி என்றால் அது ஒரு க்ளூ. லினக்ஸின் 'சிஸ்டம்டி' வழக்கமாக ஒரு வேலைக்கு அவ்வளவு நேரம்தான் காத்திருக்கும். 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்ற கமாண்ட், எந்த வேலை எத்தனை விநாடி எடுத்தது என்று வரிசையாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆயிரக்கணக்கில் பாட்டு இருந்தால், ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் லைப்ரரி ஸ்கேன் நடக்குதா என்றும் பாருங்க. புதுப் பாட்டு சேர்க்கும்போது மட்டும் ஸ்கேன் பண்ணினால் போதும்.

சார்ஜரும் கார்டும்

கையில் கிடைத்த மொபைல் சார்ஜரில் ஓட்டுகிறீர்களா? பை 4 மாடலுக்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் பவர் பரிந்துரைக்கப்படுகிறது. மின்னழுத்தம் குறைந்தால் போர்டு தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும். டி.வி-யில் இணைத்தால், மின்னல் குறி வந்து காட்டிக்கொடுக்கும்.

மெமரி கார்டில் 'ஏ1' என்று அச்சிட்டிருந்தால் நல்லது. சின்னச் சின்ன ஃபைல்களை வேகமாகப் படிக்க ஏற்ற கார்டு என்பதற்கான அடையாளம் அது. பிளக்கைப் பிடுங்கி ஆஃப் பண்ணும் பழக்கத்தையும் விட்டுடுங்க. அப்படிச் செய்தால் அடுத்த முறை ஃபைல்களைச் சரிபார்க்கவே நேரம் போகும், கார்டே கெட்டுப்போகவும் வாய்ப்பிருக்கு.

ரேடியோ மட்டும் லேட்டா?

பை 4 வரையிலான மாடல்களில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. இன்டர்நெட்டில் இருந்துதான் சரியான நேரத்தை வாங்கும். நேரம் தப்பாக இருக்கும் வரை, ஆன்லைன் சேவைகளின் பாதுகாப்புச் சான்றிதழை நம்ப மறுக்கலாம். டிஸ்க்கில் இருக்கும் பாட்டு ஓடி, ஆன்லைன் ரேடியோ மட்டும் அடம்பிடித்தால் இதையும் சந்தேகப்படுங்க.

ஒரே ஒரு விஷயம்... எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீங்க. ஒன்றை மாற்றி, ரீஸ்டார்ட் பண்ணி, நேரம் பார்த்துட்டு அடுத்ததுக்குப் போங்க. அப்போதான் உண்மையான காரணம் எதுன்னு தெரியும்!