கல்லில் குடைந்த அளவு

ஏஜியன் கடலில் டீலோஸ் என்று ஒரு குட்டித் தீவு. வடக்கிலிருந்து தெற்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டர்தான். அப்பல்லோ தெய்வம் பிறந்த இடம் என்று கிரேக்கர்கள் நம்பியதால் தீவு முழுவதுமே புனித பூமி. அங்கே யாரும் பிறக்கவோ இறக்கவோ கூடாது என்றுகூட ஒரு காலத்தில் தடை இருந்தது!

கி.மு. 166 வாக்கில் ரோமானியர்கள் இதைச் சுங்கவரி இல்லாத துறைமுகமாக்கினார்கள். இத்தாலி, சிரியா, எகிப்து என்று பல நாட்டு வியாபாரிகள் வந்து குவிந்தார்கள். எண்ணெய், மது, தானியம் எல்லாம் கைமாறின. மனிதர்களையும் அடிமைகளாக விற்றார்கள். நினைத்தாலே மனம் வலிக்கிறது.

கப்பலைவிட்டு இறங்கியதும் கால் படுவது சந்தைத் திடலில். அங்கிருந்துதான் அப்பல்லோ கோயிலுக்குப் பாதை தொடங்கும். திடலில் பாவிய கற்களில் இன்றும் சிறு துளைகள் தெரிகின்றன. வெயில் மறைக்கப் பந்தல் போடக் கம்பு நட்ட துளைகள் அவை என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

சரி, ஊருக்கு ஊர் அளவு வேறு. ஒருவர் கொண்டுவந்த பாத்திரத்தை இன்னொருவர் எப்படி நம்புவார்?

அதற்குத்தான் ‘சேகோமா’ என்ற கல் மேசை. பளிங்குப் பலகையில் கிண்ணம் போலக் குழிகள் குடைந்திருப்பார்கள். ஒவ்வொரு குழியும் ஓர் அளவு. அடியில் ஒரு துளை. அதை அடைத்துவிட்டுக் குழி நிறைய எண்ணெய் ஊற்ற வேண்டும். அடைப்பை எடுத்தால் கீழே இருக்கும் ஜாடியில் சரியான அளவு இறங்கிவிடும். கனமான கல்லைச் சாய்க்க வேண்டியதே இல்லை.

ஏன் பளிங்கு? மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். மெல்லிய உலோகம் தட்டினால் நசுங்கும். பளிங்கில் இரண்டு தொல்லையும் இல்லை. யாரும் ரகசியமாக மாற்றி வைக்கவும் முடியாது.

தானியத்தை அளப்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு டம்ளர் நிறைய அரிசி போட்டு, நாலு தட்டு தட்டிப் பாருங்கள். மட்டம் இறங்கும், இன்னும் கொஞ்சம் அரிசி பிடிக்கும்! மணிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி குறைவதுதான் காரணம். எண்ணெயில் இந்த வேலை நடக்காது. அது இடைவெளி விடாமல் நிரம்பித் தானே மட்டமாகிவிடும். அரிசி மணிகளோ ஒன்றோடொன்று உரசிக் குவியலாக நிற்கும். அதனால் தானியம் அளக்கும்போது மேலே ஒரு குச்சியால் வழித்துவிட வேண்டும்.

இந்தத் தீவில் விறகுக்கும் கரிக்கும்கூடச் சட்டம் இருந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது: முன்கூட்டியே அறிவித்த விலையைவிடக் கூடுதலாக விற்கக் கூடாது. குறைத்தும் விற்கக் கூடாது!