பேரு பைசா... செலவு யூரோ!

காலையில் ஃப்ளாரன்ஸ், மத்தியானம் பைசா. நடுவே பஸ்ஸில் புளியோதரை, தூக்கம். "ஒண்ணரை மணி நேரம்தான் சார், லேட்டானா பஸ் கிளம்பிடும்!" என்று மிரட்டி இறக்கிவிட்டார் டூர் மானேஜர்.

சாய்ந்த கோபுரத்தின் முன்னால் ஊர்ப்பட்ட கூட்டம், கைகளை நீட்டிக் காற்றைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. கோபுரத்தைத் தாங்குகிற மாதிரி போட்டோவாம்! எங்கள் கோஷ்டியும் ஐக்கியமானது.

நிஜமாகவே தாங்கினவர்கள் இன்ஜினீயர்கள். 1173-ல் கட்ட ஆரம்பித்து, மூணாவது மாடி வரும்போதே சாய ஆரம்பித்த கோபுரம் இது. காரணம், அடியில் இளகின களிமண். 'இனி தாங்காது' என்று 1990-ல் மூடினார்கள். சாயாத வடக்குப் பக்க மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார்கள். கோபுரம் சமர்த்தாக 40 சென்டிமீட்டருக்குமேல் நிமிர்ந்தது! 2001-ல் மறுபடி திறந்தார்கள். முழுசாக நிமிர்த்தவில்லை. நிமிர்த்தினால் யார் சார் பார்க்க வருவார்கள்?

போட்டோவா, படியா? நேரம் ஒன்றுக்குத்தான். ஊரிலேயே ஆன்லைனில் டிக்கெட் எடுத்திருந்ததால் ஏறினேன். கிட்டத்தட்ட 300 படிகள். பாதிச் சுற்றில் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, மீதிச் சுற்றில் மறுபக்கம். நம்ம ஊர் டவுன் பஸ் ஃபுட்போர்டு அனுபவம் கைகொடுத்தது!

பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். ஆபீஸில் காட்ட அந்த போட்டோ இல்லை. முழங்கால் வலிதான் சாட்சி!