மேகம் மூடிய நாளும் கணக்கில் வரும்

ஜெர்மனியின் தெஸ்ஸாவ் நகரில் ஹைன்ரிஷ் ஷ்வாபெ என்றொரு மருந்துக்கடைக்காரர் இருந்தார். பிழைப்பு மருந்து, பித்து வானம். புதனுக்கும் உள்ளே, சூரியனை ஒட்டி, இன்னொரு கோள் சுற்றுவதாக அவர் நம்பினார். அது சூரியனைக் கடக்கையில் கரும்பொட்டாகத் தெரியும். சாதாரணச் சூரியப் புள்ளியைக் கோள் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாதே என்று, 1826 முதல் வெயில் கிடைத்த நாளெல்லாம் புள்ளிகளைக் குறித்துவைத்தார். 1829இல் கடையையே விற்றுவிட்டார்.

கோள் கிடைக்கவில்லை, அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஆனால் 1844இல் அச்சான அவருடைய சின்ன அட்டவணை சூரிய இயலையே திருப்பிப்போட்டது. ஆண்டு, புள்ளிக் கூட்டங்கள், புள்ளியே இல்லாத நாள்கள், பார்க்க முடிந்த நாள்கள் என்று நான்கே பத்திகள்.

எனக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பத்திதான். 1833இல் 33 கூட்டங்கள் மட்டுமே. மப்பும் மந்தாரமுமாக இருந்ததால் விட்டுப்போயிருக்குமோ? இல்லை. அந்த ஆண்டு 267 நாள் பார்த்திருக்கிறார். அதில் 139 நாள் சூரியன் துலக்கிவைத்த தாம்பாளம்போல் இருந்திருக்கிறது. 1837இல் பார்க்க வாய்த்ததே 168 நாள். கூட்டங்களோ 333! 1843இல் 312 நாள் பார்த்தும் 34தான். ஆக, ஏற்ற இறக்கம் தெஸ்ஸாவ் வானத்துடையதல்ல, சூரியனுடையதே. சுழற்சி சுமார் 10 ஆண்டு என்றார் ஷ்வாபெ. பழைய பதிவுகளையும் சேர்த்துப் பார்த்த ரூடால்ஃப் வோல்ஃப் அதை 11 ஆக்கினார்.

நோட்டுப் போட்டுப் பார்க்கும் வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மேகம் மூடிய நாளில் 0 என்று எழுதாதீர்கள். ‘மேகம்’ என்றே எழுதுங்கள். இரண்டு நாள் மூடினாலும் பெரிய கூட்டங்கள் தப்பிவிடாது. சூரியனின் சுழற்சியில் ஒரு கூட்டம் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்குப் போக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும்.

படம் எடுப்பவர்களுக்குத் திரள் மேகம் அவ்வளவு கெட்டதல்ல. ஃபோகஸை முன்பே சரிசெய்து காத்திருந்தால் அரை நிமிட இடைவெளி போதும். வீடியோவாக எடுத்து, அதில் கூர்மையான ஃபிரேம்களை மட்டும் மென்பொருளில் அடுக்கிக்கொள்ளலாம். உயரத்தில் பரவும் மெல்லிய படலம்தான் தொல்லை. ஃபிரேமுக்கு ஃபிரேம் வெளிச்சம் மாறும், புள்ளியின் ஓரம் கலங்கிப்போகும். அப்போதுதான் அந்த விபரீத ஆசையும் வரும்: ‘மங்கலாகத்தானே இருக்கிறது, ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் என்ன?’ வேண்டவே வேண்டாம். மேகம் விலக ஒரு நொடி ஆகாது. விழித்திரைக்கு வலி தெரியாது. சுட்டது பிறகுதான் புரியும்.

1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தின் ரெட்ஹில்லில் வானம் தெளிவாக இருந்தது. சூரியப் புள்ளிகளை வரைந்துகொண்டிருந்த ரிச்சர்ட் கேரிங்டன், அவற்றின் மேல் திடீரென வெண்ணொளி வெடித்ததைக் கண்டு, சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடினார். ஒரு நிமிடத்துக்குள் திரும்பியபோது ஒளி மங்கத் தொடங்கியிருந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.