விண்ணில் ஒரு நடுகல்



கவிஞர் ஒருவர் மறைந்தால் சிலை எழுப்புவர், வீதிக்குப் பெயரிடுவர், முத்திரை வெளியிடுவர். விண்ணிலே சுழலும் கல்லொன்றுக்கு அவர் பெயரை இடுவதும் உண்டு. ருஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவாவுக்கு அப்பேறு வாய்த்தது.

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இலட்சக்கணக்கான சிறுகோள்கள் சூரியனைச் சுற்றி வருகின்றன. புதிதாக ஒன்று தென்பட்டதும் அதற்குப் பெயர் சூட்டிவிட முடியாது. கண்ட ஆண்டும் சில எழுத்துக்களும் கொண்ட தற்காலிகக் குறியீடே முதலில் கிடைக்கும். பாதை ஐயமறக் கணிக்கப்பட்டபின் நிரந்தர இலக்கம். அதன் பின்னரே பெயர். கண்டுபிடித்தவர் முன்மொழிவார், சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்கும். அரசியலாலோ படைத்தொழிலாலோ புகழ்பெற்றவராயின், அவர் இறந்து நூறாண்டு கழியவேண்டும் என்பது இன்றைய விதி. கவிஞருக்கோ அந்தக் காத்திருப்பு இல்லை.

1982 ஒக்ரோபர் 14இல், கிரிமியா வானாய்வு நிலையத்தில் லியூத்மிலா கராச்கினா, லியூத்மிலா ஷுராவ்லேவா என்னும் இரு பெண்கள் கண்ட சிறுகோளே இன்று '3067 அக்மதோவா' எனப்படுகிறது. அன்றிரவே அவர்கள் கண்ட இன்னொன்றுக்கு, அக்மதோவாவின் சமகாலக் கவிஞரான மரீனா ஸ்வெத்தாயெவாவின் பெயர் கிடைத்தது.

இப்பெயர் வானேறிய காலத்தை எண்ணிப் பார்த்தால்தான் அதன் பெறுமதி புலப்படும். அக்மதோவாவின் முதற்கணவரான கவிஞர் குமிலியோவ் 1921இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் லெவ் மீண்டும் மீண்டும் சிறைப்பட்டார். மகனுக்காக லெனின்கிராட் சிறைவாயிலில் பதினேழு மாதங்கள் வரிசையில் நின்றார் அந்தத் தாய். இதனை எழுத உம்மால் முடியுமா என்று வரிசையில் நின்ற ஒரு பெண் காதோடு காதாகக் கேட்டாளாம். முடியும் என்றார் அக்மதோவா. அதன் விளைவே 'இரங்கற்பா' எனப் பொருள்படும் 'ரெக்வியம்'.

அதைக் காகிதத்தில் வைத்திருப்பதே ஆபத்து. ஆகவே வரிகளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி நம்பிக்கையான தோழியரிடம் காட்டுவார். அவர்கள் மனனஞ் செய்ததும் காகிதத்தை எரித்துவிடுவார். ஏடின்றி, நெஞ்சங்களிலேயே வாழ்ந்தது அக்கவிதை. 1946இல் கட்சித் தீர்மானமொன்று அவரைப் பழித்தது. எழுத்தாளர் சங்கம் அவரை வெளியேற்றியது. 1966இல் அவர் காலமானார். 'ரெக்வியம்' 1963இல் மியூனிச்சில் அச்சானபோதும், சோவியத் நாட்டில் வெளிவந்தது 1987இல்தான். அத்தீர்மானம் நீக்கப்பட்டது 1988இல். ஆக, அந்தச் சிறுகோள் கண்ணில் பட்ட 1982இல், கவிஞரின் தலையாய படைப்பு அவரது சொந்த மண்ணில் அச்சேறியிருக்கவில்லை!

வீழ்ந்தவன் பெயரைக் கல்லிற் பொறித்து நடுகல் எடுத்த மரபு நம்முடையது. இதுவும் ஒரு நடுகல்லே. நாட்டிய இடம் மட்டுமே வேறு.

ஆயினும் அக்மதோவா கேட்டது விண்ணை அன்று. தமக்குச் சின்னம் எழுப்புவதாயின், பிறந்த கடலோரத்தில் வேண்டாம், தாம் காத்துநின்ற சிறைவாயிலிலேயே எழுப்புங்கள் என்பதே அக்கவிதையில் அவர் விடுத்த வேண்டுகோள். 2006இல், அச்சிறைக்கு எதிரே நேவா நதியின் மறுகரையில் அவர் சிலை நிறுவப்பட்டது. விண்ணிலுள்ள கல்லை வெறுங்கண்ணாற் காணவியலாது. சிறையை நோக்கி நிற்கும் சிலையை எவரும் காணலாம். கவிஞர் விரும்பிய இடம் எதுவென்பதை நாம் மறத்தலாகாது.