முகம் படிக்க வராதவர்களுக்குச் சில புதுச் சொற்கள்

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது நம்மவர் பழமொழி. தெரியலாம், ஆனால் பார்ப்பவருக்கு அதைப் படிக்க வர வேண்டுமே! எதிரில் நிற்பவர் கோபமாக இருக்கிறாரா, களைத்திருக்கிறாரா, கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்து அறிய முடியாதவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் 'மரமண்டை', 'அழுத்தக்காரன்', 'நெஞ்சில் ஈரமில்லாதவள்' என்பவைதான். இந்த வசவுகளுக்குப் பதிலாக, சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய சில சொற்களை நாமே உண்டாக்கினால் என்ன?

இந்தச் சங்கடத்தைத் தலைநகர்த் தமிழர்களுக்கு விளக்குவது சுலபம். ஊரிலிருந்து உத்தியோக நிமித்தம் வந்து கிட்வாய் நகரில் புதிதாகக் குடியேறும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கடைப் பலகையில் இந்தியில் ஏதோ எழுதியிருக்கிறது. கண்ணில் பழுதில்லை, எழுத்தின் வளைவும் மேற்கோடும் துல்லியமாகத் தெரிகின்றன. ஆனால் அது என்ன கடை என்பது மட்டும் தெரியவில்லை. பக்கத்தில் நிற்கும் சிறுவனோ ஒரு நொடியில் படித்துவிட்டு உள்ளே போய்விடுகிறான். முகக்குறிப்பு அறிய இயலாதவரின் நிலையும் இதுவே. மூக்கும் விழியும் தெரிகின்றன. அவை சொல்லும் சேதி தெரிவதில்லை.

இரண்டு முறை பாடினார் வள்ளுவர்

தமிழில் முகத்தைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. முகம் வாடும், சுண்டும், சிவக்கும், கறுக்கும், கோணும். அசடு வழியும், எள்ளும் கொள்ளும் வெடிக்கும், சில சமயம் ஈயாடாது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கிறது. வள்ளுவரோ 'குறிப்பறிதல்' என்ற ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் பாடினார். 71-ஆம் அதிகாரம் அரசவையில் இருப்பவருக்கு. 110-ஆம் அதிகாரம் காதலருக்கு. இரு முறை பாட வேண்டியிருந்தது என்றால், இந்தத் திறமை எல்லோருக்கும் தானாக வந்துவிடுவதில்லை என்றும் பொருள் கொள்ளலாம் அல்லவா?

மருத்துவர்கள் கோத்த சொற்கள்

மேல்நாட்டு மருத்துவர்கள் கிரேக்கச் சொற்களைக் கோத்துப் பெயர் வைத்தார்கள். முகத்தைக் கண்டும் ஆளை அடையாளம் தெரியாமல் போவதற்கு 1947-இல் ஜெர்மானிய மருத்துவர் போடமர் 'புரோசோபக்னோசியா' என்று பெயரிட்டார். தன் உணர்ச்சிக்கே சொல் அகப்படாமல் திண்டாடுவதை 1970-களின் தொடக்கத்தில் சிஃப்னியோஸ் என்பவர் 'அலெக்ஸிதைமியா' என்றார். இங்கிலாந்தின் சைமன் பாரன்-கோஹெனும் அவருடைய சகாக்களும் 2001-இல் திருத்தி வெளியிட்ட சோதனையில் கண்கள் மட்டும் தெரியும் 36 படங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தரப்படும் நான்கு சொற்களில் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சொல்வளம் குறைந்தவர், கண்ணைப் புரிந்துகொண்டும் சொல்லில் தவறிவிடுவார் என்ற குறை இதன்மீது உண்டு.

ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு முகம் படிப்பது கடினம். பக்கவாதத்துக்கும் மூளைக் காயத்துக்கும் பிறகு சிலருக்கு இத்திறமை குன்றுகிறது. பார்க்கின்சன் நோயில் வேறொரு சங்கடமும் சேரும்: நோயாளியின் முகத் தசைகள் இறுகி முகமே எதையும் காட்டாமல் போய்விடும். தாத்தா சிரிக்கவில்லை என்பதால் அவருக்குத் தன்மேல் பிரியமில்லை என்று பேரன் எண்ணிக்கொள்கிறான்.

தலையாட்டமும் தடுமாற்றமும்

பிறர் சூட்டிய பெயர்களோடு ஆட்டிசம் உள்ளவர்கள் நின்றுவிடவில்லை. மற்றவர்களுக்கும் ஒரு பெயர் வேண்டுமே என்று 1990-களில் 'நியூரோடிபிகல்' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார்கள். பெரும்பான்மையோரின் இயல்பையே ஒரு நோயாக வர்ணித்து நையாண்டியும் எழுதினார்கள். ஆட்டிசம் உள்ள ஆய்வாளரான டேமியன் மில்டன் 2012-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: அவர்களுக்கு நம் முகம் புரியவில்லை என்றால், நமக்கும் அவர்கள் முகம் புரிவதில்லை, குறை இரு பக்கமும் உண்டு.

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காய்கறி வாங்கும் தமிழர் எவரும் இதை ஒப்புக்கொள்வார். விலைக்குச் சம்மதம் என்று நாம் தலையை இப்படியும் அப்படியும் ஆட்ட, கடைக்காரர் அது ஆமாமா இல்லையா என்று புரியாமல் விழிப்பார். அதற்காக அவரை மரமண்டை என்கிறோமா?

நம் பங்குக்கு

இனிச் சொற்களுக்கு வருவோம். அந்தி மயங்கினால் பார்வை மங்குவதற்கு 'மாலைக்கண்' என்று அழகான சொல் இருக்கிறது. முகம் மட்டும் மங்குவதை 'முகமாலைக்கண்' எனலாம். அன்புச் சிரிப்பா, ஏளனச் சிரிப்பா என்று தெரியாமல் நிற்பது 'முறுவல் மயக்கம்'. உயர்ந்த புருவம் கேள்வியா, கண்டனமா என்று திகைப்பது 'புருவப்புதிர்'. விருந்துக்குப் போன வீட்டில் முகம் சுளித்தார்கள் என்பது வீடு திரும்பிய பிறகு உறைப்பது 'சுளிப்புச் சுணக்கம்'. இந்தியும் தமிழும் கலந்து வளரும் தில்லிக் குழந்தைகளிடம் விட்டால் 'முகமாலூம்நஹி' என்று முடித்துவிடுவார்கள்!

விளையாட்டுத்தான், ஆனால் இதில் பயன் உண்டு. ஆசிரியர் கோபத்தோடு பார்க்கும்போது ஒரு மாணவன் சிரித்துவிடுகிறான். திமிர் என்று தண்டனை கிடைக்கிறது. தனக்கு நேர்வதற்கு ஒரு பெயர் தெரிந்திருந்தால், "சார், எனக்குப் புருவப்புதிர், கோபமா என்று சொல்லிவிடுங்கள்" என்று அவனால் கேட்க முடியும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: சொல் அவன் கையில் இருக்க வேண்டும். அண்ணனும் அக்காவும் அதைச் சொல்லிக் கேலி செய்தால், அது இன்னொரு 'மரமண்டை' ஆகிவிடும்.

விளையாட்டுச் சொல் மருத்துவருக்கு மாற்றாகாது. குழந்தை பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாமல், கண் பார்த்துப் பழகாமல் இருந்தால் தாமதிக்கக் கூடாது. கிட்வாய் நகர்வாசிகளுக்கு எய்ம்ஸ் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. பெற்றோர் முயற்சியால் 1991-இல் தோன்றிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பு தில்லி ஜசோலாவில் இயங்குகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம் பெற்றிருக்கிறது.

மற்ற நமக்கெல்லாம் வேலை ஒன்றுதான். சந்தோஷமானால் சந்தோஷம் என்றும், வருத்தமானால் வருத்தம் என்றும் வாய்விட்டுச் சொல்லிவிடுவோம். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும் என்று காத்திருப்பதைவிட அது எளிது.