நரம்பு என்று நாம் சொல்வது

கவிதையும் நாவலும் பேசும் இந்த நேரலையில் ஒரு நர்ஸுக்கும் இடம் கொடுத்ததற்கு நன்றி. ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

ரத்தம் எடுக்கும்போது, "கையில் நரம்பே கிடைக்கவில்லை" என்கிறோம். அங்கே தேடுவது நரம்பை அல்ல, ரத்தக் குழாயை. உண்மையான நரம்பு, மூளைக்கும் உறுப்புகளுக்கும் இடையே சேதி கொண்டுபோவது.

கருப்பை வாய்ப் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு தமிழ் அம்மா எங்கள் வார்டில் இருந்தார். கதீட்டரை எடுத்த பிறகு கழிப்பறையில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். ஸ்கேன் செய்து பார்த்தால் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தது. "எனக்கு முட்டவே இல்லையே, சிஸ்டர். நான்தான் சரியா முக்கலையோ?" என்றார், குற்றம் செய்தவர்போல.

காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். சிறுநீர்ப்பைக்கு முக்கியமாக இரண்டு வழிகளில் நரம்புகள் வருகின்றன. மேலிருந்து இறங்கும் ஹைப்போகேஸ்ட்ரிக் நரம்பு, பையைத் தளர்த்திச் சிறுநீரைச் சேர்த்துவைக்க உதவுகிறது. இடுப்பின் பின்பக்க எலும்பிலிருந்து வரும் பெல்விக் ஸ்பிளாங்க்னிக் நரம்புகள், பையைச் சுருக்கி வெளியேற்றுகின்றன. இரண்டும் மலக்குடலுக்கும் யோனிக்கும் பக்கவாட்டில் வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. 'முட்டுகிறது' என்ற உணர்வும், தாம்பத்திய உறவின்போது ஏற்படும் ஈரப்பசையும் இந்த நரம்புகளைச் சார்ந்தவையே.

சாதாரணமாகக் கருப்பையை மட்டும் எடுக்கும்போது இவற்றுக்கு ஆபத்து குறைவு. புற்றுநோய்க்காகச் சுற்றியுள்ள திசுக்களையும் சேர்த்து எடுக்கும்போதுதான் சிக்கல். வியன்னாவில் 1898இல் வெர்தைம் அத்தகைய அறுவையைத் தொடங்கினார். 1921இல் ஜப்பானின் ஒகபயாஷி அதை இன்னும் விரிவாக்கினார். உயிர்கள் பிழைத்தன, சிறுநீர்ப்பைகள் பல செயலிழந்தன. பின்னர் டோக்கியோவில் கொபயாஷி, நரம்புகளைப் பிரித்துக் காக்கும் முறையை 1961இல் எழுதினார்.

இதில் அறுவை மருத்துவருக்கு அடையாளக் கல்லாக இருப்பது கருப்பையின் ஆழ்சிரை என்ற ரத்தக் குழாய். வெட்ட வேண்டிய ரத்தக் குழாய்கள் அதன் பக்கமும் மேலும் இருக்கின்றன. காக்க வேண்டிய நரம்புகள் அதற்குக் கீழே. பேச்சில் நாம் ஒன்றாக்கிவிட்ட இரண்டையும் அங்கே மில்லிமீட்டர் கணக்கில் பிரித்தறிய வேண்டும். புற்று மிக அருகில் இருந்தால் நரம்பை விட்டுவைக்க முடியாது. சிலருக்கு ஒரு பக்கத்தையாவது காப்பாற்றுவார்கள். அதுவும் பெரிய உதவிதான்.

"அப்போ, இது என் தப்பு இல்லையா?" என்று கேட்டார் அந்த அம்மா. இல்லை என்றேன். அடிபட்ட நரம்பு தேற வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதுவரை தானே சிறு குழாய் வைத்துச் சிறுநீரை எடுக்கக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

உங்கள் அம்மாவுக்கோ அக்காவுக்கோ இந்த அறுவை என்றால், கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: "நரம்பைக் காப்பாற்ற முடியுமா? முடியாவிட்டால் சிறுநீருக்கு என்ன ஏற்பாடு?" மொழி தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். மகனை வைத்து இதைப் பேச எந்தத் தாயும் கூசுவாள்.