காதில் தமிழ், கண்ணில் தெலுங்கு! கார்வேட்டிநகரத்துத் தமிழர்களின் அன்றாட விசித்திரங்கள்

கார்வேட்டிநகரத்துக் கடைவீதிக்குப் புதிதாக வரும் தமிழருக்கு முதலில் கோபம்தான் வரும். கடைக்காரர் சிரித்த முகத்தோடு "ஏமி காவாலி?" என்று கேட்பார். நம் ஊரில் ஒருவரைக் காவாலி என்று கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? "என்ன வேண்டும்?" என்றுதான் அந்த மனிதர் கேட்டார் என்பது பிறகு தெரியவரும். 2023-ல் 'ஜெயிலர்' படத்துப் பாட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்த பிறகு இந்தச் சண்டைக்கு வாய்ப்புக் குறைந்துவிட்டது.

காவாலி பழகினால் அடுத்தது 'குடி'. பக்கத்து வீட்டு அம்மாள் குளித்து முழுகி, நெற்றியில் குங்குமத்தோடு "குடிக்குப் போகிறேன்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் புறப்படுவார். திடுக்கிட வேண்டாம். 'குண்டு' என்பதில் வரும் 'கு' போட்டுச் சொன்னால் அது கோயில். அதேபோல 'பஸ்' என்பதில் வரும் 'ப' போட்டு 'படி' என்றால் பள்ளிக்கூடம். நமக்குப் படி என்பது செய்ய வேண்டிய வேலை. அவர்களுக்கு அதைச் செய்யும் இடம். அக்காள், அண்ணன், மாமா எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றே. 'செப்பு' என்று தெலுங்கர் சொன்னால் 'சொல்' என்று பொருள். அது நம் பழைய தமிழிலும் உள்ள சொல்தான். நாம் புலவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டோம்; அவர்கள் சந்தைக்கடையில் வைத்திருக்கிறார்கள்.

ஆகையால் காதுக்குக் கஷ்டமில்லை. மூன்று மாதத்தில் பேச்சுப் புரிந்துவிடும். ஆறு மாதத்தில் பேரமும் பேசலாம். தொல்லை எல்லாம் கண்ணுக்குத்தான்.

எல்லைக் கோடு

கார்வேட்டிநகரம் ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஊருக்குள் ரயில் கிடையாது. சென்னை - மும்பை பாதையில் புத்தூரில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். தமிழ்நாட்டில் முச்சந்திதோறும் 'புத்தூர் கட்டு' என்று எலும்பு முறிவுக்கு போர்டு மாட்டியிருக்கிறார்களே, அதே புத்தூர்தான். இன்னொரு பக்கம் போனால் தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டு வந்துவிடும். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் அயல்நாட்டுச் சம்பந்தம் அல்ல.

'காடுவெட்டி நகரம்' என்ற பெயர்தான் கார்வேட்டிநகரம் ஆயிற்று என்று சொல்வார்கள். காட்டை வெட்டி உண்டாக்கிய ஊர் என்பது பொருள். பழைய ஜமீன். கும்பினிக்காரர்களின் கணக்குகளில் பொம்மராஜு பாளையம் என்று வரும். வட ஆற்காடு ஜில்லாவில் இருந்த இந்த வட்டாரம் 1911-ல் சித்தூர் ஜில்லா உண்டானபோது அதில் சேர்ந்தது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் ஜில்லா ஆந்திரத்தோடு போயிற்று. ம.பொ.சி. முதலியோர் வடக்கெல்லைக்காகப் போராடிய கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. 1960 ஏப்ரல் 1-ல் எல்லையைத் திருத்தி எழுதியபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது.

இவ்வளவு நடந்தபோதும் பலர் வீட்டைவிட்டு ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. பம்பாய்க்கும் பெங்களூருக்கும் பிழைக்கப் போன நம்மவர்கள் டிக்கெட் வாங்கி ரயிலேறிப் போய் அயலார் ஆனார்கள். இங்கே திண்ணையில் உட்கார்ந்தபடியே ஆனவர்கள் உண்டு.

வாங்கல், கொடுக்கல் மட்டும் எந்தக் கோட்டுக்கும் கட்டுப்படவில்லை. கார்வேட்டிநகர சமஸ்தானத்தின் சாரங்கபாணி வேணுகோபாலன் மீது பாடிய தெலுங்குப் பதங்களும், கோவிந்தசாமய்யாவின் வர்ணங்களும் தமிழ்நாட்டு மேடைகளுக்கு வந்து எத்தனையோ காலமாயிற்று. மயிலாப்பூரில் ஆடும் பெண்ணுக்கு அந்த ஊர் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று தெரியாமல் இருக்கலாம். பாட்டு தெரியும். அந்த வேணுகோபால சுவாமி கோயில் இப்போது திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது.

பத்துத் தப்படியில் வெளியூர்

கைப்பேசி வந்த புதிதில் இந்த எல்லையோரத்தில் நடந்த வேடிக்கையைக் கேட்டால் சிரிப்பு வரும். நாட்டை 'வட்டம்' என்று துண்டு துண்டாகப் பிரித்துத்தான் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்திருந்தார்கள். தமிழ்நாடு ஒரு வட்டம், ஆந்திரம் ஒரு வட்டம். மாநிலக் கோட்டைத் தாண்டினால் ரோமிங். வந்த பேச்சுக்கும் காசு, போன பேச்சுக்கும் காசு. ஆனால் கோபுரத்திலிருந்து வரும் அலைக்கு எல்லைக்கல் தெரியுமா? எல்லையோரக் கிராமத்தில் கொல்லைப்புறம் போனால் ஒரு மாநிலம், வாசலுக்கு வந்தால் இன்னொரு மாநிலம் என்று போன் மாறிக்கொண்டே இருக்கும். "ஆந்திரப் பிரதேசம் உங்களை வரவேற்கிறது" என்று செய்தி வந்தால், சொந்த வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்? பத்துத் தப்படி நடந்து, தமிழ்நாட்டு அலை கிடைக்கும் மரத்தடியில் நின்று பேசுவார்.

2017 வாக்கில் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தைக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விட்டுவிட்டன. அதற்கு முன்பே, 2013-ல் தந்தி நின்றது. அந்த வருஷமே வாட்ஸ்அப்பில் குரலைப் பதிவு செய்து அனுப்பும் வசதி வந்தது. எழுதத் தெரியாத பாட்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? விரலை அழுத்திக்கொண்டு பேசினால் போதும். கார்வேட்டிநகரத்தில் பேசினால் குவைத்தில் இருக்கும் பேரனுக்குக் கேட்கும். இன்லண்டு கவரில் இடம் போதாமல் ஓரத்தில் நுணுக்கி எழுதிய காலம் போயிற்று.

மழைக்காலத்தில் இந்தக் குரலுக்கு வேறு வேலையும் உண்டு. கார்வேட்டிநகரத்துக்கு அருகே கிருஷ்ணாபுரம் அணை இருக்கிறது. அது நிரம்பித் திறந்துவிட்டால் தண்ணீர் பள்ளிப்பட்டுப் பக்கம் பாய்ந்து, கொசஸ்தலை ஆறாகப் பூண்டி ஏரிக்குப் போகும். சென்னைக்காரர் குடிக்கும் தண்ணீர். அணை திறந்தால் கரையோரத் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு அதிகாரிகள் எச்சரிக்கை கொடுப்பார்கள். மேட்டிலிருக்கும் மருமகன் பள்ளத்திலிருக்கும் மாமனாருக்கு "மாமா, தண்ணி விட்டாச்சு, மாட்டை மேலே கட்டுங்க" என்று சொல்லிவிட்டால் அது அதிகாரிகளுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும்.

கட்டத்தில் காலி இருக்கைகள்

கம்ப்யூட்டரில் உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் நம்பர் கொடுத்து வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு யூனிகோட் என்று பெயர். 1991-ல் தொடங்கியது. அந்தப் பெரிய அட்டவணையில் தமிழுக்கு அடுத்த வீடு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? தெலுங்குக்கு! பூமியில் எப்படியோ அப்படியே அங்கேயும். இரண்டுக்கும் தலைக்கு 128 இருக்கைகள்.

இதில் ஒரு விசித்திரம். 1988-ல் இந்தியாவில் வகுத்த 'இஸ்கி' என்ற முறையைப் பின்பற்றி, எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே வரிசையில் இடம் ஒதுக்கினார்கள். தெலுங்கில் 'க'வுக்கு நான்கு எழுத்து. தமிழில் ஒன்றே. ஆகவே தமிழ்க் கட்டத்தில் 'க'வுக்குப் பக்கத்தில் மூன்று இருக்கை காலி. 'ப'வுக்குப் பக்கத்திலும் அப்படியே.

அந்தக் காலி இருக்கைகள் வெறும் வேடிக்கை அல்ல. கார்வேட்டிநகரத்துத் தமிழ்ப் பிள்ளைகளின் தொல்லையே அங்கேதான் இருக்கிறது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் கற்பது தெலுங்கும் ஆங்கிலமும். வீட்டில் பேசுவது தமிழ். ஒவ்வோர் ஒலிக்கும் ஓர் எழுத்து என்று பழகிய பிள்ளையிடம் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்தால் தடுமாறும். ஒரே 'ப' ஓரிடத்தில் ஒருவிதமாகவும் இன்னோரிடத்தில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறதே, எதை நம்புவது? தமிழ்நாட்டில் படித்துவிட்டு வேலைக்கு வந்த குமாஸ்தாவின் கஷ்டம் நேர் எதிர். நமக்கு மெய்யெழுத்துக்குப் புள்ளி வைத்தால் முடிந்தது. தெலுங்கில் இரண்டாவது மெய்யெழுத்து முதல் எழுத்தின் காலடியில் தொங்கும். மாடிவீடு மாதிரி அடுக்கடுக்காக இருப்பதை எங்கே தொடங்கிப் படிப்பது என்று தெரியாமல், பஸ் வந்ததும் போர்டைப் பார்க்காமல் கண்டக்டரைக் கேட்பார்.

கைப்பேசிக் காமிராவைப் போர்டின் மேல் பிடித்தால் தமிழில் காட்டும் வசதி இப்போது உண்டே என்பீர்கள். உண்டு. கூகிள் மொழிபெயர்ப்பில் தமிழும் தெலுங்கும் 2011-ல் ஒரே நாளில் சேர்க்கப்பட்டவை. போர்டுக்கு அது சரி. பெயரையும் சேர்த்து மொழிபெயர்த்துச் சிரிக்க வைக்கும்; போகட்டும். நிலத்துக் காகிதத்துக்கு அதை நம்ப முடியுமா?

அடங்கல் என்ன சொல்கிறது?

நம் தாத்தாக்கள் கர்ணத்திடம் போய்க் கைகட்டி நின்று கேட்ட கணக்கு அடங்கல். நல்ல தமிழ்ச் சொல். சென்னை ராஜதானிக் காலத்திலிருந்து இரண்டு பக்கமும் வழங்குகிறது. பரம்பரைக் கர்ணங்களைத் தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். 1980-லும், ஆந்திரத்தில் என்.டி.ராமராவ் 1984-லும் ஒழித்தார்கள். 2015-ல் ஆந்திர அரசு 'மீ பூமி' என்ற பெயரில் நிலக் கணக்கை இணையத்தில் போட்டது. 'உங்கள் பூமி' என்று பொருள். சர்வே நம்பரைத் தட்டினால் யார் பெயரில் எவ்வளவு என்று காட்டுகிறது. கர்ணம் இல்லை, காத்திருப்பு இல்லை.

காட்டுவது தெலுங்கில். தாத்தா தமிழ் மட்டும் படித்தவர். அவருக்கு எழுத்து விளங்காது. பேரன் தெலுங்கைக் கடகடவென்று படிப்பான். ஆனால் பழைய தமிழ்ப் பத்திரத்தில் தாத்தா குறித்து வைத்த நான்கு எல்லைகள் அவனுக்கு விளங்காது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் பத்திரத்தைப் படித்துக் காட்ட, மற்றவன் போனைப் படித்துக் காட்ட, இரண்டையும் வாயால் பொருத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. தாத்தா இருக்கும்வரை சரி. அவருக்குப் பிறகு அந்தப் பத்திரம் பெட்டியில் இருக்கும். படிக்க ஆள் இருக்காது. ஒரு சென்ட் நிலம் கைமாறிப் போனால் எந்தக் குரல் செய்தியும் அதை மீட்டுத் தராது.

இது ஒரு பக்கத்துக் கதை மட்டும் அல்ல. கோட்டுக்கு அந்தப் பக்கம் திருத்தணி, பள்ளிப்பட்டு வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். தமிழ்நாட்டில் 2006-ல் தமிழ் கற்றல் சட்டம் வந்த பிறகு அந்தப் பிள்ளைகளும் தமிழ் எழுத்தில் தேறுகிறார்கள். வீட்டுத் தெலுங்கு வாயில் மட்டும் நிற்கிறது. தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் கற்க வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 1956-ல் 350-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். சட்டம் இருக்கிறது, வாத்தியார் வேண்டும், வகுப்பு நிரம்பப் பிள்ளைகள் வேண்டும். பத்து வீடு இருக்கும் தெருவுக்கு எந்தச் சர்க்கார் வகுப்பு வைக்கும்?

ஆகவே வீட்டில்தான் வழி. தமிழ்நாட்டு அரசின் பாடநூல்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2001-ல் தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒலியோடு பாடங்களை வைத்திருக்கிறது. கடல் கடந்தவர்களுக்காகச் செய்தது. பஸ் கட்டணம் இருபது முப்பது ரூபாய்த் தூரத்தில் இருப்பவர்களுக்கும் உதவும். தினம் கால் மணி நேரம் போதும்.

'அம்மா'வும் 'ஆடு'ம் தடையில்லாமல் போய்விடும். தெலுங்கு படித்த பிள்ளை 'பம்பரம்' வந்ததும் நிறுத்தும். முதல் 'ப' ஒருவிதம், நடுவில் உள்ள 'ப' வேறுவிதம், எழுத்து மட்டும் ஏன் ஒன்று என்று கேட்கும். மெல்லெழுத்துக்குப் பின்னால் வந்தால் ஒலி இளகும் என்று சொல்லி, 'தங்கம்', 'பந்து', 'வண்டி' என்று நான்கைந்து சொல்லைப் படிக்க வைத்தால் அது தானாகவே அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடும்.